ஏழாவது கோட்டு

"இந்த இடத்துல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். இன்னியோட முடிஞ்சுது" என்றார் வாய்தா.

அது அவர் பெயரல்ல, அத்தை சூட்டிய பட்டம். வழக்கைக் கையில் எடுத்த நாலு வருஷத்தில் அந்த வக்கீல் அவர்களுக்கு வாங்கிக் கொடுத்த ஒரே பொருள் வாய்தாதான் என்பது அத்தையின் கட்சி. ஒரு தடவை அவருடைய குமாஸ்தாவிடமே வாய் தவறி, "வாய்தா சார் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டாள். குமாஸ்தா கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "மேல இருக்கார்மா" என்றார். அன்றோடு பட்டம் நிலைத்துவிட்டது.

காயில் பேனாவை வாங்கிக்கொண்டான்.

அவனுக்கும் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. அது வழக்குக் கட்டுக்குள் மட்டும் இருக்கிறது. ஃபேன் மோட்டாருக்கும் மிக்சிக்கும் செம்புக் கம்பியால் காயில் சுற்றுகிறவன் என்பதால் கடைத்தெரு முழுக்க அவனைக் காயில் என்றுதான் கூப்பிட்டது. செத்துப்போன மனைவியும் அப்படித்தான் கூப்பிட்டாள். கோபம் வந்தால் மட்டும் 'கருகிப்போன காயில்'.

நீதிமன்றத்தின் மூன்றாவது மாடித் தாழ்வாரம். சுவரோரமாக ஒரு நீள பெஞ்சு. உட்கார்ந்து உட்கார்ந்து நடுப்பலகை வழவழவென்று ஆகியிருந்தது. தலைக்கு மேலே ஒரு ஃபேன் கறக் கறக் என்று அழுதுகொண்டே சுற்றியது. முதல் வருஷம் வரும்போதெல்லாம் அதை அண்ணாந்து பார்த்து, 'புஷ் தேய்ஞ்சிருக்கு, சின்ன வேலை' என்று நினைத்துக்கொள்வான். இரண்டாம் வருஷம் கை பரபரத்தது. இப்போதெல்லாம் அவன் அண்ணாந்து பார்ப்பதே இல்லை.

"என்ன எழுதியிருக்கு, படிங்க" என்றாள் அத்தை.

"படிச்சாச்சு அத்தை."

"எனக்குப் படிச்சுக் காட்டுங்க மாப்ளே. கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்."

கண்ணாடி அவள் கைப்பைக்குள்தான் இருந்தது. அவன் வாயால் அதைச் சொல்ல வேண்டும், அதுதான் அவளுக்கு வேண்டியது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சமரசப் பத்திரத்தில் இருந்த அந்த ஒரு வரியை மட்டும் படித்தான்.

"'இறந்தவர் பாதுகாப்புக் கோட்டு அணியாமலும் யாரிடமும் தெரிவிக்காமலும் தமது சொந்தக் கவனக்குறைவால் குளிர் அறைக்குள் சென்றதால் நேர்ந்த மரணம் இது என்பதை இரு தரப்பாரும் ஏற்கிறோம்.'"

"இரு தரப்பார்னா?"

"அவங்களும் நாமளும்."

"நாமன்னா அதுல நான் இல்ல" என்றாள் அத்தை.

வாய்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மா, உங்க ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். வர்ற பணம் குறையாது. போன தடவை சொன்னதை விட ஏத்தியே கொடுக்கறாங்க. ஒரு வரிக்காக இன்னும் நாலு வருஷம் இழுக்கணுமா? மனுஷி திரும்பி வரப் போறதில்ல. யோசிச்சுச் சொல்லுங்க. நம்ம கேஸைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கு."

அவர் கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

*

நடந்தது இதுதான்.

காயிலின் மனைவி வேலை பார்த்தது ஒரு குளிர் கிடங்கில். மீன் பெட்டி, இறைச்சிப் பெட்டி, ஐஸ்கிரீம் பெட்டி என்று கடைகளுக்குப் போகும் சரக்கை அடுக்கி வைக்கும் இடம். உள்ளே மூச்சு விட்டால் மூக்கு முனையிலேயே உறைந்துவிடும். அதனால் வாசலில் ஆறு கொக்கிகள், ஆறு தடித்த கோட்டுகள். உள்ளே போகிறவர் ஒரு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போக வேண்டும். வெளியே வந்ததும் அதே கொக்கியில் தொங்கவிட வேண்டும்.

யார் வந்தார், யார் போனார் என்று எழுதி வைக்கிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. கொக்கிதான் கணக்கு. ஒரு கொக்கி காலியாக இருந்தால் உள்ளே ஓர் ஆள் இருக்கிறார். ஆறும் நிறைந்திருந்தால் அறை காலி, கதவைப் பூட்டலாம். பல வருஷமாக அப்படித்தான் நடந்தது. ஒரு தப்பும் வந்ததில்லை.

அன்றைக்கு வெளியூரிலிருந்து பெரிய வியாபாரிகள் கிடங்கைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் போனதும் எல்லாருக்கும் சீக்கிரமே வேலை முடிந்தது. சாவி என்று எல்லாரும் கூப்பிடும் கதவுக்காரன் கொக்கிகளைப் பார்த்தான். ஆறிலும் கோட்டு. பூட்டினான். உள்ளே ஒரு மணி உண்டு. அழுத்தினால் வெளியே அடிக்க வேண்டும். அது அடிக்காமல் போய் ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது.

இரவு வெகு நேரமாகியும் அவள் வராததால் காயில் கிடங்குக்கே போனான். காவலாளி டார்ச்சை அடித்துக் காட்டினான். "நீயே பாருப்பா. ஆறு கோட்டும் இருக்கு. உள்ள யாரும் இல்ல. அம்மா வீட்டுக்குப் போயிருக்கும்."

காயிலும் பார்த்தான். ஆறு இருந்தது. அவன் அத்தை வீட்டுக்கு ஓடினான்.

காலையில் கதவைத் திறந்தபோது அவள் வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தாள்.

கோட்டு போடாமல் போயிருக்கிறாள் என்றது நிர்வாகம். மறுக்க ஒரு சான்றும் இல்லை. கொக்கிகளைத் தன் கண்ணாலேயே பார்த்தவன் அவன். அதுதான் அவனை உள்ளுக்குள் அரித்தது. அவள் அப்படிப்பட்டவள்தான். மழை வருகிறது என்று தெரிந்தும் குடையை விட்டுவிட்டுப் போவாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டு நிற்பாள். 'ஒரு பெட்டிதானே, ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடலாம்' என்று கோட்டு இல்லாமல் நுழைந்திருப்பாள் என்று அவனுக்குத் தோன்றியது. நாலு வருஷமாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அத்தையிடம் அவன் இதைச் சொன்னதில்லை.

*

"அவளுக்குக் குளிரே ஆகாது மாப்ளே" என்றாள் அத்தை, வாய்தா போனதும். "எங்க தியேட்டர்ல ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டி வச்சாலே என் முதுகுக்குப் பின்னாடி வந்து ஒண்டிக்குவா. கோட்டு இல்லாம அவ அந்த ஐஸ் குகைக்குள்ள போனாளாம். எவன் கிட்ட கதை விடறாங்க?"

"இதையேதான் அத்தை நாலு வருஷமா சொல்றீங்க."

"நாலு வருஷமா அதுதான் உண்மை. நடுவுல மாறிடுமா என்ன?"

அத்தை சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிறவள். அரை ஆயுள் டிக்கெட் கவுன்ட்டர் சுவருக்குப் பின்னால்தான். சுவரில் உள்ள ஓட்டை வழியாக ஆட்களின் முகம் தெரியாது; கைதான் தெரியும். அதனால் அவள் யாரைப் பார்த்தாலும் முதலில் கையைத்தான் பார்ப்பாள்.

"பேப்பர் கொண்டு வந்தானே அவங்க வக்கீல், அவன் கையைப் பார்த்தீங்களா? பேனாவை மூடறான், திறக்கறான், மறுபடி மூடறான். ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டினவன் கை அப்படி ஆடாது. சீட்டு காலியாக் கிடக்கறவனுக்குத்தான் அந்த ஆட்டம். இத்தனை நாள் சீந்தாதவன் இன்னிக்கு ஏன் ஓடி வர்றான்?"

"இன்னிக்கு சாவியைக் குறுக்கு விசாரணை பண்ற நாள்."

"அந்தக் கொலைகாரனை."

"அவன் பார்த்துட்டுத்தான் பூட்டினான் அத்தை."

"நல்லாப் பேசுங்க. அவனுக்கும் நீங்களே வக்கீலாப் போயிடுங்க. அவனாவது ஃபீஸ் கொடுப்பான்."

காயில் எழுந்தான். அவனுக்கு அலுத்துவிட்டது. கடையை மூடிவிட்டு வருவது, பஸ் பிடிப்பது, இந்தப் படிகள், இந்த பெஞ்சு, இந்த அழுகிற ஃபேன், எல்லாமே அலுத்துவிட்டது. கடைசியில் மனைவியின் முகத்தை நினைத்தாலே வழக்கு எண்தான் முன்னால் வந்து நின்றது. அந்த அலுப்புதான் அவனுக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது.

"டீ வாங்கிட்டு வர்றேன். வந்து கையெழுத்துப் போடறேன். நீங்களும் போடணும்."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

*

டீக்கடை கீழே, சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி. கடைசி ஸ்டூலில் சாவி உட்கார்ந்திருந்தான். முன்னால் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அவனை அழைத்து வந்த கம்பெனி வேன் எதிரே நின்றது. டிரைவர் உள்ளே தூங்கினான்.

காயிலைப் பார்த்ததும் சாவி எழப் போனான்.

"உக்காரு" என்றான் காயில். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். நாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. "நீ கூண்டுல ஏற வேண்டியிருக்காது சாவி. சமரசம் பேசிட்டாங்க. கையெழுத்துப் போடப் போறேன்."

சாவி முழித்தான். "என்னன்னு போட்டிருக்கு?"

"அவ கோட்டு போடாம போனான்னு. அவ தப்புன்னு."

"நீ... அதுல கையெழுத்துப் போடப் போறியா?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றான் காயில். யாரிடமும் சொல்லாததை இவனிடம் சொல்வது விசித்திரமாக, ஆனால் சுலபமாக இருந்தது. "அவ அவசரக்காரி. கோட்டை எடுக்காம நுழைஞ்சிருப்பா. நானே ராத்திரி வந்து பார்த்தேனே, ஆறு கோட்டு இருந்துச்சு. உன் இடத்துல நான் இருந்தாலும் பூட்டியிருப்பேன். உன் மேல தப்பில்ல. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் உக்காந்தேன்."

சாவி டீ கிளாசைத் தள்ளி வைத்தான்.

"இதைச் சொல்லாத காயிலு."

"ஏன்?"

"திட்டு. செருப்பைக் கழட்டி அடி. உங்க மாமியார் ஒவ்வொரு வாய்தாவுக்கும் என்னைப் பார்த்துத் துப்பறாங்களே, அதை வாங்கிக்கறேன். ராத்திரி தூக்கமாவது வருது. இதை மட்டும் சொல்லாத."

"என்னடா உளர்றே?"

சாவி வேனைப் பார்த்தான். டிரைவர் அசையவில்லை. குரல் தானாகத் தணிந்தது.

"உன் பொண்டாட்டி கோட்டு போட்டிருந்தா."

பட்டறையில் தவறி மின்கம்பியைத் தொட்டால் ஒரு கணம் காது அடைக்கும். காயிலுக்கு அப்படி அடைத்தது.

"கதவைத் திறந்தது நான். அவளைத் தூக்கினது நான். உடம்பைத் தேச்சு விடலாம்னு கோட்டைக் கழட்டினதும் நான்தான். அப்பதான் திரும்பிப் பார்க்கறேன்... கொக்கியில ஆறு கோட்டு தொங்குது. இவ மேல ஒண்ணு. ஏழு எப்படி வந்துச்சு?"

"எப்படி வந்துச்சு?"

"வந்த விருந்தாளிங்க உள்ள போய்ப் பார்க்கறதுக்காகப் புதுக் கோட்டு நாலஞ்சு வாங்கியிருந்தாங்க. பார்த்து முடிச்சதும் வாசல்ல நின்னு போட்டோ எடுத்தாங்க. பின்னாடி ஒரு கொக்கி மட்டும் பல்லு விழுந்த மாதிரி காலியா இருந்திருக்கு. மேனேஜர் விருந்தாளிக் கோட்டுல ஒண்ணை எடுத்து அதுல மாட்டியிருக்கார், பார்க்க லட்சணமா இருக்கட்டும்னு. அவர் ஆபீஸ் ரூம் ஆளு. கொக்கிக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. காலையில அந்தப் புதுக் கோட்டைப் பார்த்தவர் அப்படியே தரையில உக்காந்துட்டார். 'நான்தான்யா மாட்டினேன்'னு சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அப்புறம் வக்கீல் வந்துட்டார்."

"புதுக் கோட்டு?"

"அலமாரிக்குள்ள போயிடுச்சு. இவ மேல இருந்தது கொக்கிக்குப் போயிடுச்சு. 'பூட்டினது நீ, ஜெயிலுக்குப் போறதும் நீதான். சொன்னபடி கையெழுத்துப் போட்டா உன்னைப் பார்த்துக்கறோம்'னாங்க. போட்டேன்."

காயில் இரண்டு டீ சொன்னான். கடைக்காரர் இரண்டு டீயை ஆற்றிக் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான்.

"கூண்டுல இதைச் சொல்லுவியா?"

"வேலை போயிடும்."

"போயிடும்" என்றான் காயில். தைரியம் சொல்லவோ கெஞ்சவோ அவனிடம் தெம்பு இல்லை. டீயைத் தூக்கிக்கொண்டு படியேறினான்.

*

அத்தை டீயை வாங்கி ஒரு மிடறு குடித்தாள். "சர்க்கரை போடச் சொல்லலையா?"

"அவ கோட்டு போட்டுக்கிட்டுத்தான் போயிருக்கா அத்தை."

அத்தை நிமிர்ந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். கொக்கி, போட்டோ, ஏழாவது கோட்டு எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஆச்சரியப்படவே இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு வேறொன்றைத்தான் கேட்டாள்.

"இதை நான் சொன்னப்பல்லாம் நீங்க நம்பலையா மாப்ளே?"

ஃபேன் கறக் கறக் என்றது. அவன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, குடிங்க. ஆறிடும்" என்றாள்.

வாய்தாவைத் தேடிப் பிடித்துச் சொன்னபோது அவருக்கே தூக்கம் கலைந்துவிட்டது. "அந்த ஆள் கூண்டுல ஏறிப் பல்டி அடிச்சுட்டா என்ன பண்ணுவீங்க? கையில இருக்கற சமரசமும் போயிடும். நான் சொல்லலைன்னு சொல்லக் கூடாது."

"போகட்டும் சார். கேளுங்க" என்றான் காயில்.

வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள்.

சாவி கூண்டில் ஏறியபோது இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. நீதிபதி அம்மாள் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். முதல் வரிசையில் கிடங்கின் வக்கீல் பேனாவை மூடித் திறந்தார். வாய்தா எழுந்தார். ஊர், வேலை, எத்தனை வருஷ அனுபவம் என்று சாவகாசமாகச் சுற்றி வந்தவர் சட்டென்று நின்றார்.

"கதவைத் திறந்தப்ப அந்தம்மா மேல கோட்டு இருந்ததா, இல்லையா?"

"ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கார்!" என்று கிடங்கின் வக்கீல் எழுந்தார்.

"சாட்சி சொல்லட்டும்" என்றார் நீதிபதி.

சாவி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டான். அத்தை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

"சொல்லப் போறான்" என்று முணுமுணுத்தாள்.

"இருந்துச்சு" என்றான் சாவி.

"எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

"பட்டனைக் கழட்டினது நான்தாங்க. மேல் பட்டன் உறைஞ்சு போய் வரலை. அறுத்தேன்."

"எழுதிக் கொடுத்த வாக்குமூலத்துல கோட்டு இல்லன்னு இருக்கே?"

"எழுத்து அவங்களோடது. கையெழுத்துதான் என்னோடது."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதாம்மா. நாலு வருஷமாத் தெரியும்."

அப்புறம் ஏழாவது கோட்டின் கதையை அவன் சொன்னான். தட்டச்சு செய்கிற பெண் நடுவில் ஒருமுறை நிறுத்தி, "ஏழா, ஆறா?" என்று கேட்டாள். "ஏழு" என்றான். அவள் அடித்தாள். அடுத்த தடவை மேனேஜரை வரவழைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. வாய்தா வாழ்நாளில் முதல்முறையாக வாய்தா கேட்காமல் உட்கார்ந்தார்.

*

இடைவேளையில் கிடங்கின் வக்கீல் தானே பெஞ்சுக்கு வந்தார். அதே காகிதம்தான். அந்த ஒரு வரியை மட்டும் பேனாவால் அடித்திருந்தார்.

"இப்ப சம்மதம்தானே? தொகையிலயும் கொஞ்சம் சேர்த்திருக்கோம்."

"வேண்டாம்" என்றான் காயில். "மேனேஜர் வரட்டும். கூண்டுல ஏறட்டும்."

"கையெழுத்துப் போடுங்க மாப்ளே" என்றாள் அத்தை.

அவன் திகைத்துப் போய்த் திரும்பினான். "நீங்களா அத்தை சொல்றீங்க?"

"அந்த ஆளை ஏத்தி என்ன பண்ணப் போறீங்க? அவன் போட்டோவுக்காக ஒரு கோட்டை மாட்டினான். என் பொண்ணு சாகணும்னு மாட்டலை. அப்புறம் மறைச்சான், அது அயோக்கியத்தனம். ஆனா அதுக்கு இன்னும் எத்தனை தடவை இந்தப் படி ஏறணும்? என் முட்டி போச்சு. அவ மேல ஒரு பழி இருந்துச்சு, அதைத் துடைக்கத்தான் வந்தேன். துடைச்சாச்சு. உங்களுக்கு இன்னிக்குத்தான் கோபம் வந்திருக்கு. எனக்கு நாலு வருஷம் முன்னாடியே வந்து, வத்திப் போச்சு."

காயில் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். அடித்த வரியின் மேல் காலியான இடம்.

"அடிச்சா போதாது சார். எழுதணும். அவ கோட்டு போட்டுக்கிட்டுத்தான் போனா, அவ மேல ஒரு தப்பும் இல்லன்னு எழுதணும்."

"வரியைத்தான் எடுத்தாச்சே!"

"வெறுமனே விட்டா ஆளாளுக்கு ஏதாவது நினைச்சுக்குவாங்க. நானே நினைச்சேன்."

அத்தை அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்புறம் சாவியை வேலையை விட்டு எடுக்கக் கூடாதுன்னும் எழுதுங்க."

"அது இந்த வழக்குல வராதுங்க" என்றார் அவர். வாய்தாவும் ஆமாம் என்று தலையாட்டினார். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான் காயில். வேன் போய்விட்டிருந்தது. சாவி பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றிருந்தான். இடுப்பில் சாவிக்கொத்து இல்லை.

கிடங்கின் வக்கீல் மாடிப்படி ஓரமாகப் போய் வெகு நேரம் போன் பேசினார். இரண்டு தடவை குரல் உயர்ந்தது. 'அப்ப நீங்களே வந்து கூண்டுல நில்லுங்க' என்று ஒரு தடவை தெளிவாகக் கேட்டது. திரும்பி வந்தவர் பேனாவைத் திறந்து, அந்த இடத்தில் எழுதினார்.

"படிங்க மாப்ளே" என்றாள் அத்தை. இந்தத் தடவை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டுதான் கேட்டாள்.

"'இறந்தவர் பாதுகாப்புக் கோட்டு அணிந்தே உள்ளே சென்றார். அவர் தரப்பில் எந்தக் கவனக்குறைவும் இல்லை.'"

"இன்னொரு தடவை."

படித்தான். அத்தை முதலில் கையெழுத்துப் போட்டாள். அடுத்து அவன். நீதிபதி முன்னால் தாக்கல் ஆகி, முத்திரை விழுந்து, வாய்தா இருவருக்கும் கை கொடுத்துவிட்டு, பணம் எப்போது வரும், எங்கே வந்து வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேர் காதிலும் அது விழவில்லை.

தாழ்வாரம் அடுத்த வழக்குக்காரர்களால் நிறையத் தொடங்கியது. எழுந்து போக வேண்டியதுதான். கால் வரவில்லை. இருவரும் பெஞ்சின் நடுப்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

வழக்கு எண் கூப்பிடுகிற டவாலி வந்து நின்றார். "என்னம்மா, உங்க கேஸ்தான் முடிஞ்சு போச்சே. இன்னும் ஏன் இங்கயே உக்காந்திருக்கீங்க?"

"முடிஞ்சு போச்சு தம்பி" என்றாள் அத்தை. "அதான் உக்காந்திருக்கோம்."